கோட்டை கட்டினார்கள் ராஜாக்கள். ஊரே கட்டினார்கள் ஓவியர்கள்!

செஞ்சி பக்கத்து மலையில் பெயர் தெரியாத சைத்ரீகன் – ஈஞ்சம்பாக்கத்தில் குடியிருந்தவர்களின் கூட்டுக் கண்காட்சி

செஞ்சிக்குப் போகிறவர்கள் முதலில் பார்ப்பது மலையை. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலைகள். மூன்றையும் வளைத்துப் போட்டுக் கட்டிய மதில், சுமார் 13 கிலோ மீட்டர் நீளம். திருவண்ணாமலை பஸ்சில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து தூங்கி வழிகிறவர்கள்கூட, கோட்டை வந்ததும் ஒரு தடவை எட்டிப் பார்க்காமல் இருப்பது இல்லை.

தேசிங்கு ராஜன் கதை தெரியாத ஆள் அந்தப் பக்கம் கிடையாது. ஆற்காட்டு நவாபின் படையோடு மோதி, 1714-ல் இளம் வயதிலேயே மாண்டு போனவன் அவன். அதற்கு முன்பே, 1677-ல் சிவாஜி இந்தக் கோட்டையைப் பிடித்தார். அவருடைய மகன் ராஜாராமைப் பிடிக்க முகலாயப் படை வருஷக் கணக்கில் மலையடியில் கூடாரம் போட்டுக் காத்துக் கிடந்தது. 1698-ல்தான் கோட்டை விழுந்தது. அப்பேர்ப்பட்ட கோட்டையை 1750-ல் பிரெஞ்சுக்காரர்கள் ஒரே ராத்திரியில் பிடித்துவிட்டார்கள் என்பது தனிக் கதை. 1761-ல் ஆங்கிலேயர் கைக்குப் போனது.

2025 ஜூலையில் கோட்டைக்கு இன்னொரு யோகம் அடித்தது. மராட்டியர்களின் ராணுவக் கோட்டைகள் என்ற வரிசையில், யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் 12 கோட்டைகள் சேர்க்கப்பட்டன. பதினொன்று மகாராஷ்டிரத்தில் உள்ளவை. பாக்கி ஒன்று செஞ்சி!

எல்லாம் சரி. கோட்டையைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் "ராஜா எங்கே படுத்தார், குதிரையை எங்கே கட்டினார், நெல்லை எங்கே கொட்டினார்?" என்று கேட்கிறார்கள். கல்யாண மகாலைக் காட்டுகிறார்கள். களஞ்சியத்தைக் காட்டுகிறார்கள். "இந்தச் சீமையில் படம் எழுதினவன் எங்கே குடியிருந்தான்?" என்று மட்டும் ஒருத்தரும் கேட்பது இல்லை.

புலி என்று பட்டம் போட்டுக் கொண்ட ராஜா

கேட்க வேண்டிய கேள்விதான் அது. ஏனென்றால் செஞ்சி வட்டாரம் படம் எழுதுவதில் பழம் தின்று கொட்டை போட்ட வட்டாரம்.

விழுப்புரம் – திருக்கோவிலூர் சாலையில் கீழ்வாலை என்று ஓர் ஊர். அங்கே பாறைகளில் செங்காவி நிறத்தில் உருவங்கள் தீட்டப்பட்டு இருக்கின்றன. மனித உருவங்களும், மிருகங்களும், இன்னதென்று விளங்காத குறிகளுமாக இருக்கும். எழுதியவர்கள், சரித்திரம் எழுதத் தொடங்குவதற்கு முன்னால் அங்கே நடமாடிய ஜனங்கள்.

அப்புறம் மண்டகப்பட்டு. செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுண்ணாம்பு இல்லாமல் பாறையைக் குடைந்து மும்மூர்த்திகளுக்குக் கோவில் எடுத்ததாக, மகேந்திரவர்மப் பல்லவன் அங்கே கல்வெட்டில் வெட்டி வைத்திருக்கிறான். இந்த ராஜாவுக்குப் பட்டப் பெயர்கள் ஏராளம். அதில் ஒன்று "சித்திரகாரப்புலி". அதாவது, ஓவியர்களுக்குள்ளே புலி! போர்ப் பட்டம் எத்தனையோ இருக்க, படம் எழுதுகிறவன் என்று பட்டம் போட்டுக் கொள்ள ஒரு ராஜாவுக்கு ஆசை வந்திருக்கிறது.

பனமலையைச் சொல்லாமல் விட்டால் பாவம். குன்றின் மேல் தாளகிரீஸ்வரர் கோவில். மகேந்திரனுக்கு நாலு தலைமுறை கழித்து வந்த ராஜசிம்மப் பல்லவன் கட்டியது. 1,300 வருஷம் ஆகிறது. அங்கே ஒரு சின்னச் சன்னதியின் சுவரில் அம்பாள் நிற்கிறாள். தலைக்கு மேல் குடை, தலையில் கிரீடம், ஒரு காலை மடித்து ஒயிலாகச் சாய்ந்த கோலம். எதிரே சிவபெருமான் ஆடுகிறார். அதைப் பார்த்து லயித்து நிற்கிறாள். ஆனால் ஆடுகிற சிவன் பெரும்பாலும் அழிந்து போய்விட்டார். ஆட்டத்தைப் பார்க்கிறவள் மட்டும் இருக்கிறாள்.

அதை எழுதிய கை யாருடையது? தெரியாது. கோவில் கட்டிய ராஜா பெயர் கல்லில் இருக்கிறது. மெழுகிப் பூசி, மண்ணையும் தழையையும் அரைத்து, அந்த முகத்தை எழுதிய ஆசாமியின் பெயர் இல்லை. எந்தக் குடிசையில் படுத்தான், என்ன கூலி வாங்கினான், வேலை முடிந்ததும் எந்தத் திசையில் போனான் என்பதும் யாருக்கும் தெரியாது.

ஆயிரத்து இருநூறு வருஷத்துக்குப் பிறகு, இதே தமிழ்நாட்டில், கடலோரத்தில், ஓவியர்கள் ஒரு காரியம் செய்தார்கள். ராஜாவை எதிர்பார்க்காமல், தங்களுக்குத் தாங்களே ஓர் ஊரைக் கட்டிக் கொண்டார்கள்!

தந்தி ஆபீசை உதறியவர்

அந்த ஊருக்குப் பெயர் சோழமண்டலம் ஓவியர் கிராமம். வெள்ளைக்காரன் வாயில் "கோரமண்டல்" ஆன சோழமண்டலம்தான். சென்னையை அடுத்த ஈஞ்சம்பாக்கத்தில், கடற்கரைச் சாலையில் 1966-ல் தொடங்கியது.

தொடங்கியவர் கே.சி.எஸ். பணிக்கர். 1911-ல் கோயம்புத்தூரில் பிறந்தவர். குடும்ப கஷ்டத்தில் படிப்பைப் பாதியில் விட்டுத் தந்தி இலாகாவில் வேலை பார்த்தவர். இன்றைக்கும் ஆபீசில் உட்கார்ந்து கொண்டு பைல் ஓரத்தில் முகம் வரைகிற குமாஸ்தாக்கள் எத்தனையோ பேர் இருப்பார்கள். பணிக்கர் அதோடு நிற்கவில்லை. இருபத்தைந்து வயதுக்கு மேல் வேலையை உதறிவிட்டு, சென்னை ஓவியப் பள்ளியில் மாணவராகப் போய்ச் சேர்ந்தார். அப்போது அங்கே முதல்வராக இருந்தவர் தேவி பிரசாத் ராய் சவுத்ரி. மெரினாவில் நாலு பேர் பாறையைப் புரட்டுகிற உழைப்பாளர் சிலை இருக்கிறதே, அதைச் செய்தவர்.

1957-ல் அந்த நாற்காலி பணிக்கருக்கு வந்தது. பள்ளிக்கூடத்தில் திறமைசாலிகளுக்குப் பஞ்சம் இல்லை. தமிழ்நாடு, கேரளம், ஆந்திரம், கர்நாடகம் என்று நாலா பக்கத்திலிருந்தும் பையன்கள் வந்தார்கள். கெட்டிக்காரத்தனமாக வரைந்தார்கள். டிப்ளமா வாங்கினார்கள். அப்புறம்?

அப்புறம்தான் சங்கடம். ஐந்து, ஆறு வருஷம் கற்றுக் கொண்ட பையன் விளம்பரக் கம்பெனிக்கோ, துணி டிசைனுக்கோ, ஏதாவது ஆபீசுக்கோ போய்விடுவான். தூரிகை பரண் மேலே ஏறிவிடும். அந்தக் காலத்துச் சென்னையில் நவீன ஓவியத்தைக் காசு கொடுத்து வாங்குகிறவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். "படம் போட்டா சோறு கிடைக்குமாடா?" என்று வீட்டில் கேட்டால், பதில் சொல்ல ஆள் கிடையாது.

பணிக்கர் பதில் சொல்லக் கிளம்பினார்.

மெழுகு காய்ச்சிய சாயங்காலங்கள்

படம் விற்காது, ஆனால் துணி விற்கும். யோசனை அவ்வளவுதான்.

மாணவர்களும் ஆசிரியர்களுமாகச் சேர்ந்து கைவினைச் சங்கம் ஒன்றை ஏற்படுத்தினார்கள். வகுப்பு முடிந்த பிறகு "பாத்திக்" வேலை. இது ஜாவா தீவில் பேர் போன துணி வேலை. மெழுகைக் காய்ச்சி, துணியில் எந்த இடத்தில் சாயம் ஏறக் கூடாதோ அந்த இடத்தில் தூரிகையால் தடவ வேண்டும். பிறகு சாயத்தில் முக்க வேண்டும். சாயம் சூடாக இருந்தால் மெழுகு உருகிவிடும். ஆகவே ஆறிய சாயம்தான். வெளிர் நிறத்தில் ஆரம்பித்து, மறுபடி மெழுகு, மறுபடி சாயம் என்று அடர் நிறத்துக்குப் போக வேண்டும். காய்ந்த மெழுகு கசங்கி வெடிக்கும் இடத்தில் சாயம் மெல்லிய கோடாக இறங்கும். அந்தக் கோடுதான் பாத்திக்கின் அழகே. கடைசியில் கொதிக்கிற தண்ணீரில் போட்டு மெழுகை எடுத்துவிட்டால், உள்ளே இருந்து சித்திரம் வெளியே வரும்.

கை சுடும், சாயம் நகக்கண்ணை விட்டுப் போகாது. ஆனால் சரக்கு விற்றது. கண்காட்சி போட்டு விற்றார்கள். வந்த பணத்தைப் பிரித்துக் கொண்டு போய்ச் செலவழித்திருக்கலாம். ஓர் ஓட்டலுக்கும் ஒரு சினிமாவுக்கும் போதுமானது இருந்திருக்கும். அப்படிச் செய்யாமல் சேர்த்து வைத்தார்கள். சேர்த்த பணத்தில் நிலம் வாங்கினார்கள்.

ஏறத்தாழ 10 ஏக்கர். மணல் காடு. சவுக்குத் தோப்பு. மின்சாரம் கிடையாது. சொல்லிக் கொள்ளும்படி சாலை கிடையாது. "அங்கே போய் எவன் இருப்பான்?" என்று சென்னையில் சிரித்தார்கள். இன்று கிழக்குக் கடற்கரைச் சாலையில் அதே இடத்தில் ஒரு கிரவுண்டு விலையைக் கேட்டால், சிரித்தவர்களுக்கே தலை சுற்றும்!

இளைஞர்கள் முப்பது, நாற்பது பேர் போல அந்தத் திட்டத்தில் சேர்ந்தார்கள். அவரவருக்கு ஒரு துண்டு மனை. முதலில் கீற்றுக் கொட்டகை. பிறகு வசதிக்குத் தக்க வீடு. பகலில் பாத்திக், செம்புத் தகடு வேலை, மட்பாண்டம், தோல் வேலை, அது வயிற்றுக்கு. மீதி நேரம் ஓவியமும் சிற்பமும். கைவினைப் பொருள் விற்றால் ஒரு பங்கு சங்கத்துக்கு. ஆண்டவன் மேல் பாரத்தைப் போடாமல், தண்ணீர்க் குடத்தைத் தாங்களே தூக்கினார்கள்.

பணிக்கரும் சும்மா இருக்கவில்லை. 1963 முதல் அவர் எழுதி வந்த "சொற்களும் குறியீடுகளும்" என்ற படவரிசை பெரிய பேர் வாங்கியது. பார்ப்பதற்கு ஜாதகக் கட்டம் மாதிரியும், பள்ளிக்கூடப் பையனின் கணக்கு நோட்டு மாதிரியும் இருக்கும். எழுத்து எழுத்தாகத் தெரியும்; படிக்கப் போனால் ஒரு எழுத்தும் படிக்க வராது! 1967-ல் ஓய்வு பெற்றார். 1977-ல் காலமானார். அவர் போனதும் ஊர் கலைந்துவிடும் என்று சிலர் எதிர்பார்த்தார்கள். கலையவில்லை.

தொப்பி போட்ட ராமானுஜம்

அந்த ஊரில் குடியிருந்தவர்களிலே நெஞ்சை விட்டுப் போகாதவர் கே. ராமானுஜம்.

சென்னைப் பையன். பேச்சு சரளமாக வராது. நாலு பேர் கூடிய இடத்தில் ஒதுங்கி நிற்கிற சுபாவம். படிப்பு ஏறவில்லை, படம் மட்டும் ஏறியது. ஓவியப் பள்ளியில் பணிக்கரின் கண் அவர் மேல் பட்டது. சோழமண்டலத்துக்கு அழைத்து வந்தார்.

ராமானுஜம் வரைந்த உலகத்தைப் பார்த்தால் அசந்து போவார்கள். அரண்மனை மேல் அரண்மனை, தூண் மேல் தூண், வளைந்து வளைந்து போகிற பாம்பு, பறக்கிற மிருகங்கள், தேர்கள், அலங்கரித்த பெண்கள். இண்டு இடுக்கு விடாமல் கோடு. ஊசி முனை வைக்க இடம் இருக்காது. அதன் நடுவே ஒரு ஆள் தலையில் தொப்பியோடு, துரை மாதிரி உட்கார்ந்து இருப்பார். அந்த ஆள் ராமானுஜமேதான்! நிஜத்தில் கையில் காசு கிடையாது. பேச நாலு பேர் கிடையாது. காகிதத்தில் அவரே ராஜா. அங்கே எல்லோரும் அவரைச் சுற்றி நிற்கிறார்கள்.

சென்னையின் பழைய கன்னிமரா ஓட்டலில் சுவர் அளவுக்குப் பெரிய படம் எழுதும் வேலை அவருக்கு வந்தது. பெரிய இடத்து வேலை. நல்ல காலம் பிறந்துவிட்டது என்று கூட இருந்தவர்கள் நினைத்தார்கள்.

1973-ல் அவர் தன் உயிரைத் தானே மாய்த்துக் கொண்டார். வயது முப்பதைத் தாண்டிச் சில வருஷங்கள்தான்.

சுற்றிலும் ஓவியர்கள், எல்லோரும் தெரிந்தவர்கள், ஒரே ஊர். இருந்தும் ஒருவருடைய தனிமையைப் போக்க முடியவில்லை. இன்று அவருடைய படங்கள் ஏலத்துக்கு வந்தால் லட்சக் கணக்கில் போகின்றன. அந்தப் பணத்தில் ஒரு நாள் சோறு அன்றைக்கு அவர் வாய்க்கு எட்டவில்லை. யாரைக் குற்றம் சொல்வது?

போனவர்கள் பல பேர்

ஊர் என்றால் வருவதும் உண்டு, போவதும் உண்டு.

விசுவநாதன் 1960-களின் கடைசியில் பாரிசுக்குப் போனார். அங்கேயே பெரிய பேர் எடுத்தார். அக்கித்தம் நாராயணனும் பாரிஸ்தான். எம்.வி. தேவன் கேரளத்துக்குத் திரும்பிக் கொச்சியில் கலாபீடத்தை வளர்த்தார். யந்திரம், மந்திரம், சக்கரம் என்று தாந்திரிக வடிவங்களை எழுதிய கே.வி. ஹரிதாசன் திருவனந்தபுரத்தில் ஓவியம் சொல்லிக் கொடுக்கப் போனார்.

மைசூர்ப் பக்கத்திலிருந்து வந்த எஸ்.ஜி. வாசுதேவும், அவர் மனைவி அர்னவாசும் சோழமண்டலத்தின் ஆரம்ப காலத்து ஜோடி. இரண்டு பேருமே ஓவியர்கள். 1970-ல் வந்து பரபரப்பை உண்டாக்கிய கன்னடப் படம் "சம்ஸ்காரா"வுக்குக் கலை இயக்கம் வாசுதேவ்தான். 1988-ல் அர்னவாஸ் காலமானார். அதன் பிறகு வாசுதேவ் பெங்களூருக்குக் குடி போனார். அவர் ஓவியங்களில் திரும்பத் திரும்ப வருவது மரம். வேர் ஒரு ஊரில், கிளை ஒரு ஊரில் என்று ஆகிப் போனவருக்கு அது பொருத்தம்தான்.

போகாமல் இருந்து கடைசி வரை எழுதியவர்களும் உண்டு. மலைவாசி ஜனங்களின் காளையையும் தெய்வங்களையும் தன் பாணியில் வரைந்த சுல்தான் அலி 1990-ல் மறைந்தார். கோயில் விக்கிரகத்தின் சாயலையும் புராணத்தையும் செம்பிலும் பித்தளையிலும் பற்றவைத்துச் சிற்பமாக்கிய நந்தகோபால், பணிக்கரின் மகன், 2017-ல் மறைந்தார்.

எல்லோரும் மறுபடி ஒரே கூரையில்

இறந்தவர்களையும், இடம் பெயர்ந்தவர்களையும், இருப்பவர்களையும் ஒன்று சேர்ப்பது எப்படி? அதற்கும் அந்த ஊர் வழி கண்டது.

2009-ல் சோழமண்டலத்தில் பெரிய கலை மையம் திறக்கப்பட்டது. அதற்காகப் பாடுபட்டவர்களில் முக்கியமானவர் நந்தகோபால். அங்கே பணிக்கர் பெயரில் ஒரு மியூசியம். "மெட்ராஸ் இயக்கம்" என்று கலை உலகத்தில் சொல்கிறார்களே, அந்தக் கூட்டத்து ஓவியர்கள், சிற்பிகளின் படைப்புகள் அங்கே வரிசையாக வைக்கப்பட்டு இருக்கின்றன. வெளியே மரத்தடியில் கல்லும் உலோகமுமாகச் சிற்பங்கள். மற்ற இடங்களில் கூட்டுக் கண்காட்சி என்றால் பத்து நாள் இருக்கும். பதினோராவது நாள் ஆணியைப் பிடுங்கிவிடுவார்கள். இது ஆணி பிடுங்காத கண்காட்சி!

உள்ளே போகிறவர்களில் பாதிப் பேர் முதலில் சொல்வது, "ஒண்ணும் புரியலியே சார்! எங்க வீட்டுப் பய கிறுக்கின மாதிரி இருக்குது" என்பதுதான். சொல்லட்டும், தப்பு இல்லை. ஒரு விஷயத்தை மட்டும் மனதில் வைத்துக் கொண்டு பார்த்தால் போதும். வண்ணத்தை விட்டுவிட்டுக் கோட்டைப் பார்க்க வேண்டும். வாசலில் நம் பெண்கள் கை எடுக்காமல் போடுகிற கோலம், ஓலைச் சுவடி எழுத்து, கோவில் சுவர்ச் சித்திரம், தகட்டில் கீறிய யந்திரம் – இவற்றில் ஓடுகிற கோடுதான் அங்கேயும் ஓடுகிறது. வெளிநாட்டைப் பார்த்துக் காப்பி அடிக்காமல், நம்முடைய பண்டத்தைப் புதுசாகச் செய்து பார்த்தார்கள். எல்லாமே தேறியது என்று சொல்ல முடியாது. அரைத்த மாவையே அரைத்தவர்களும் உண்டு. தேறியது தங்கம்.

பனமலை அம்பாளுக்கு யார்?

மறுபடி செஞ்சிக்கு வருவோம்.

யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்ததில் செஞ்சிக் கடைக்காரர்களுக்கு மகிழ்ச்சி. ஜனம் வந்தால் காப்பி விற்கும், சோடா விற்கும், ஆட்டோ ஓடும். ஆனால் கோட்டைக்கு வருகிறவர் காலையில் வந்து, வியர்க்க விறுவிறுக்க ராஜகிரி ஏறி, போட்டோ எடுத்துக் கொண்டு, மத்தியானம் அடுத்த ஊருக்கு பஸ் ஏறிவிடுகிறார். கொஞ்ச தூரத்தில் பனமலை இருப்பதும், மண்டகப்பட்டு இருப்பதும் அவருக்குத் தெரிவது இல்லை. கோட்டைக் கல்லுக்கு அவசரம் இல்லை. இன்னும் முந்நூறு வருஷம் நிற்கும். சுவரில் எழுதிய படம் அப்படி அல்ல. மழை கசிந்தால் போச்சு. கை பட்டால் போச்சு. பனமலையில் சிவன் போனது போல அம்பாளும் போனால், மறுபடி எழுத அந்தச் சைத்ரீகன் வரப் போவது இல்லை.

அங்கே படம் எழுதத் தெரிந்த நாலு பேர் வந்து ஒரு மாதம் தங்கினால் என்ன? பாறையைப் பார்க்கட்டும், அம்பாளைப் பார்க்கட்டும், தங்களுக்குத் தோன்றியதை எழுதட்டும். போகும்போது ஆளுக்கு ஒரு படம் ஊருக்குக் கொடுத்துவிட்டுப் போகட்டும். மெழுகு காய்ச்சி ஊர் கட்டியவர்கள் இதே மாநிலத்தில்தான் இருந்தார்கள். அவர்களுக்கு அன்றைக்கு இருந்தது ஒரு மணல் காடு. செஞ்சிக்கு மூன்று மலை இருக்கிறது.

சோழமண்டலத்தைப் பார்க்க விரும்புகிற செஞ்சி, திண்டிவனம் பக்கத்துக்காரர்கள் வழி தேடி அலைய வேண்டியது இல்லை. புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகச் சென்னை போகும் பஸ், அந்த வாசலைத் தாண்டித்தான் போகிறது. ஈஞ்சம்பாக்கத்தில் இறங்க வேண்டும். பனமலைக்குப் போகிறவர்கள் காலை வெயில் ஏறுவதற்கு முன்பே படி ஏறிவிடுவது நல்லது. சன்னதிக்குள்ளே வெளிச்சம் கம்மி. உள்ளே நுழைந்ததும் ஒன்றும் தெரியாது. கண் பழகும் வரை கொஞ்ச நேரம் நின்றால், குடைக்குக் கீழே முகம் மெல்லத் தெரியும்.